பெயார்பீல்டில் ஒரு முடிதுறப்பு

"நான் நிக்கிற மேடையில சனம் வேற ஆளைப் பாத்ததாச் சரித்திரமே இல்லை."

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில், கொத்துரொட்டிக்குக் காத்திருந்த நேரத்தில் கோபாலகிருஷ்ணன் செய்த பிரகடனம் இது. சரித்திரம் அப்போது கடையில் இல்லாதபடியால் மறுக்கவில்லை. தமிழ் நாடக மன்றத்துக்காரர்கள் கூட இருந்தார்கள்தான். ஆனால் பசித்திருப்பவன் விவாதத்துக்குப் போவதில்லை.

வாரநாட்களில் அவர் ஸ்மித்பீல்டில் ஒரு டைல்ஸ் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டினார். வார இறுதிகளில் அரசாண்டார். எந்த நாட்டை என்பது முக்கியமல்ல. மன்றத்தில் எந்த நாடகம் எழுதினாலும் அதில் ஒரு அரசன் இருந்தான், அந்த அரசனுக்குக் கோபாலகிருஷ்ணனின் மீசை இருந்தது. எங்கள் மேடையில் அரசன் சும்மா வந்து உட்கார்ந்துவிட முடியாது. மேடையைச் சுற்றி வரவேண்டும், காலை உதைக்கவேண்டும், மீசையைத் தடவவேண்டும், தான் இன்னார் என்று, ஏற்கெனவே தெரிந்த சனத்துக்கு அறிவிக்கவேண்டும். இவற்றை அவர் குறைவறச் செய்தார். பிறகு மந்திரி பேசும்போது மாலையைச் சரிசெய்தார். தளபதி சாகும்போது இருமினார். சாகிறவனைச் சனம் பார்த்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

அவருடைய முடி, அதாவது கிரீடம், சென்னையில் செய்வித்தது. விமானத்தில் கைப்பையோடு வந்தது. வீட்டில் அலுமாரிக்கு மேல் ரைஸ் குக்கர் பெட்டிக்குள் வாசம் செய்தது. அதை எந்த மேடையிலும் எந்தக் காட்சியிலும் அவர் கழற்றியதில்லை. அரசன் முடியைக் கழற்றினால் நாடு போய்விட்டது என்று பொருள், என்பார்.

நாடு ஒருநாள் போகத்தான் செய்தது. மன்றம் அடுத்த நாடகத்துக்குப் பல் வைத்தியர் கல்யாணசுந்தரத்தை அரசனாக்கியது. செய்தியைச் சொல்லும் துணிவு குழுவில் யாருக்கும் இல்லாததால் புது அரசரே வீட்டுக்கு நேரில் வந்தார்.

"அண்ணை, இந்த முறை நீங்கள் மந்திரி. மந்திரிக்குத்தான் வசனம் கூட."

"தம்பி, வசனம் கூடின ஆள்தான் பெரிய ஆளெண்டா, என்ர மனுசி சக்கரவர்த்தி" என்றார் கோபாலகிருஷ்ணன்.

உள்ளேயிருந்து மனைவி சிவகௌரி, "கேட்டது" என்றார்.

நாடிழந்த மன்னர்கள் காட்டுக்குப் போவது மரபு. கோபாலகிருஷ்ணன் மறுநாள் வேலைக்குப் போனார். அங்கே மதிய இடைவேளையில் எல்வீரா அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, அவருடைய மீசையை நெடுநேரம் பார்த்தார்.

எல்வீரா எல் சல்வடோர்காரி. கிடங்கில் பொதி கட்டுபவர். பெயார்பீல்டில் ஒரு மண்டபத்தில் ஸ்பானிய மொழி நாடகக் குழு நடத்துபவரும் அவர்தான். சிலி, உருகுவே, பெரு என்று பல நாட்டுக் குடும்பங்கள் அந்தக் குழுவில். நத்தார்ப் பண்டிகைக்கு எல்லாரும் கடற்கரைக்கு ஓடிவிடுவதால், யேசு பிறப்பதற்கு முந்திய அலைச்சலையும் பிறந்த பிறகு மூன்று ராசாக்கள் வருவதையும் சேர்த்து, ஜனவரி ஆரம்பத்தில் ஒரே நாளில் ஆடி முடிப்பார்கள். அவருடைய ஆங்கிலமும் கோபாலகிருஷ்ணனின் ஆங்கிலமும் அதே கிடங்கில் பிறந்தவை. அதனால் அவர் என்ன சொன்னாலும் இவர் காதில் தமிழாகவே விழும்.

"எங்களுக்கு ஒரு ராசா குறையுது" என்றார் எல்வீரா. "பல்தசார். போன முறை செய்தவர் குயின்ஸ்லாந்துக்குப் போயிட்டார். பிள்ளையளுக்கு இருக்கிற மூண்டு ராசாவிலயும் அவரிலதான் விருப்பம். ஆனா..." சற்றுத் தயங்கினார். "அவர் கறுப்பு ராசா. முந்தி ஆருக்காவது மூஞ்சியில மை பூசிவிடுவினம். இப்ப அது சரியில்லை."

"எனக்குப் பூசத் தேவையில்லை. அம்மா பூசித்தான் அனுப்பினவ."

இவ்வாறு ஒரு மொழியில் போன நாடு இன்னொரு மொழியில் கிடைத்தது. ராசாக்கள் வரும் இரவு அவர்கள் பரிசு போடுவதற்காகப் பிள்ளைகள் வாசலில் காலில் போடும் சப்பாத்தை வைப்பார்கள் என்று எல்வீரா சொன்னபோது, அவர் வாயில் வந்த சொல்லும் ஏறத்தாழ சப்பாத்து என்றே இருந்தது. ஸ்பானிய மொழி யாழ்ப்பாணத்திலிருந்து போனதுதான் என்ற முடிவுக்குக் கோபாலகிருஷ்ணன் அன்று பின்னேரமே வந்துவிட்டார்.

முதல் ஒத்திகையில் அவர் தமது முடியோடு போனார். மற்ற இரண்டு ராசாக்களும் நட்சத்திரத்தைப் பார்த்தபடி அமைதியாக நடந்து வந்தார்கள். மூன்றாமவர் மேடையைச் சுற்றினார். காலை உதைத்தார். மீசையைத் தடவினார். தொட்டிலில் குழந்தை யேசுவாகக் கிடந்த பெரு நாட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

"ராசா, மெதுவா" என்றார் எல்வீரா. "இதில நீங்கள் முழங்காலிட்டு, முடியைக் கழட்டிப் பிள்ளையின்ர காலடியில வைக்கவேணும்."

"அது ஏலாது."

"ஏன்?"

"எங்கட ராசாக்கள் கழட்டிறேல்லை."

நீண்ட பேச்சுவார்த்தை நடந்தது. கோபாலகிருஷ்ணன் தலையைச் சிறிது சாய்க்கச் சம்மதித்தார். முடி இருந்த இடத்தில் இருக்கும். எல்வீரா பெருமூச்சு விட்டு, "சரி. எனக்கு இதைவிடப் பெரிய தலையிடி இருக்கு" என்றார்.

அந்தத் தலையிடி மண்டபத்து மூலையில் ஒரு கதிரையில் இருந்தது. பெயர் ரிக்கார்தோ, எல்வீராவின் கணவர். குழு தொடங்கிய நாளிலிருந்து யோசேப்பு அவர்தான். பின்னால் நடந்து வரும் கர்ப்பிணி மரியாளோடும் ஒரு கழுதையோடும் யோசேப்பு கதவு கதவாகத் தட்டி இடம் கேட்டுப் பாடுவார். உள்ளே இருப்பவர்கள் இல்லை என்று பாட்டிலேயே பதில் சொல்வார்கள். கடைசிக் கதவு திறக்கும். ஒவ்வொரு கதவிலும் ரிக்கார்தோ புதிதாக ஒரு பகிடி விடுவாராம். அதைக் கேட்டுச் சிரிக்கவே சனம் வருமாம். சென்ற குளிர்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கால் இழுத்தது. பேச்சு போய்விட்டது. ஆச்சரியமாகப் பாட்டு மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வராதவர் அந்த இடம் கேட்கும் பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாடினார்.

"நடைச்சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு நடக்கலாமே" என்றார் கோபாலகிருஷ்ணன்.

"யோசேப்பிட்ட நடைச்சட்டம் இருந்ததோ எண்டு சைகையால கேக்கிறார்."

"ஆராவது கையைப் பிடிச்சா?"

"கையைப் பிடிச்சா வீட்டை போயிடுவார்." எல்வீரா குரலைத் தணித்தார். "மருந்துக்கு மட்டும்தான் வெளியில வாறவர். ஆரையும் பாக்கிறேல்லை. இதுக்கு எண்டு தானா விரும்பி வந்திருக்கிறார். எல்லாற்ற கண்ணுக்கு முன்னால விழுந்தாரெண்டா, பிறகு எங்கட வீட்டுக் கதவைத் திறக்க விடமாட்டார். எனக்குத் தெரியும்."

அதற்காகவே கழுதைக்கு உருளும் சில்லு பூட்டியிருந்தார்கள். ஆள் உள்ளே புகும் பழைய தோல் கழுதைக்குப் பதிலாகப் பலகையில் செய்த கழுதை என்றார் எல்வீரா. அதன் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு யோசேப்பு நடப்பார். கழுதையில் சாய்வதில் எந்த ஆண்பிள்ளைக்கும் அவமானமில்லை. ஒத்திகைகளில் மெதுவாக நகர்ந்து அது நன்றாகவே உழைத்தது.

கோபாலகிருஷ்ணனுக்குக் கழுதையில் அக்கறையில்லை. அவர் மன்றத்துக்காரர் எல்லாருக்கும் தொலைபேசி எடுத்து அழைப்பு விடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணசுந்தரத்துக்கு விசேஷ அழைப்பு.

"தம்பி, முன்வரிசையில இரும். வேற்று நாட்டுச் சனம் ஒரு தமிழ் ராசாவை எப்பிடிப் பாக்குதெண்டு நீர் பாக்கவேணும்."

"வாறன் அண்ணை. எனக்கும் ராசா வேலை பழகத்தானே வேணும்."

அன்றைக்கு வெயில் மண்டபத்தின் தகரக் கூரையைக் காய்ச்சி எடுத்தது. முன்வரிசையில் சிவகௌரி பட்டுச் சேலையில் விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கல்யாணசுந்தரம், அந்த வெக்கையிலும் நீலக் கோட்டோடு. பின்னால் சட்டைப் பொத்தான்களைத் திறந்துவிட்ட தகப்பன்மார், தாய்மார், கால் வைக்க இடமில்லாமல் பிள்ளைகள். கோபாலகிருஷ்ணன் திரை இடுக்கால் எட்டிப் பார்த்து, கூட்டம் தமது தகுதிக்குப் போதும் என்று திருப்திப்பட்டு, முடியைச் சூடினார்.

அப்போதுதான் பின்னால் சில்லுச் சத்தம் கேட்டது. மேடையைப் புதிதாகக் கழுவி மெழுகி வைத்திருந்தார்கள், விழா அல்லவா. ரிக்கார்தோ ஒருமுறை நடந்து பார்க்கக் கையை ஊன்றியதும் கழுதை அவரை விட்டுவிட்டுத் தனியே பெத்லகேமுக்குப் புறப்பட்டது. அவர் சரிந்தார். போர்க்லிப்ட்காரனின் கண் சரியும் பாரத்தை முதலில் காணும். கோபாலகிருஷ்ணன் பாய்ந்து இரண்டு கையாலும் அவரைத் தாங்கினார். முடி மட்டும் உருண்டு போய்த் திரையில் முட்டி நின்றது.

ரிக்கார்தோ நிமிர்ந்தார். இவருடைய கையைத் தம் மேலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார். பிறகு யோசேப்பின் தலைத்துணியைக் கழற்றிக் கதிரையில் மடித்து வைத்தார். எல்வீரா அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோபாலகிருஷ்ணனும் பார்த்தார். ஒருவன் தலையில் இருந்ததைத் தானே எடுத்துக் கீழே வைப்பது எப்படி இருக்கும் என்பது அவருக்குக் கொஞ்சம் தெரியும். மன்றத்தில் அதை அவருக்கு வேறு ஆட்கள் செய்திருந்தார்கள். திரைக்கு அப்பால் பிள்ளைகள் காலால் தரையைத் தட்டத் தொடங்கினார்கள்.

"முந்தி ஆள் உள்ளுக்குப் போற கழுதை ஒண்டு இருந்ததெண்டு சொன்னனீங்கள்" என்றார்.

"தோல் இருக்கு. சாமான் அறைக்குள்ள. முந்திச் செய்த ஆள் இப்ப இல்லை. குனிஞ்சபடி நடக்கவேணும், இவற்ற பாரம் முழுக்க முதுகில. இந்த வெக்கைக்கு ஆர் போவான்?"

"எடுத்துக்கொண்டு வாங்கோ."

எல்வீரா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ராசா, கழுதை கடைசிவரைக்கும் தொட்டிலுக்குப் பக்கத்தில கிடக்கவேணும். எழும்பி வந்து பல்தசாராக ஏலாது."

"விளங்குது. முன்வரிசையில நீலக் கோட்டோட ஒராள் இருக்கிறார். கூப்பிட்டு ராசாவா நிக்கச் சொல்லுங்கோ. மாட்டனெண்டு சொல்லமாட்டார், எனக்குத் தெரியும். நான் எங்கயெண்டு கேட்டா, தெரியாதெண்டு சொல்லுங்கோ."

முடியை எடுத்துத் துடைத்து எல்வீராவின் கையில் கொடுத்தார். பிறகு ரிக்கார்தோவின் கதிரைக்கு முன்னால் போய், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முதுகை வளைத்து நின்றார். சரக்கு ஏற்றலாம் என்பதற்குக் கிடங்கில் அதுதான் சைகை. ரிக்கார்தோ அந்த முதுகைப் பார்த்தார். கையை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தார். சில்லு இல்லை என்று உறுதியானதும் தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

கழுதைத் தோலுக்குள் பழைய கம்பளியின் மணமும் யாரோ எந்தக் காலத்திலோ விட்டுப்போன வியர்வையின் மணமும் இருந்தன. கழுதையின் வாய் வழியாகத் தெரிந்தது தரையும் ரிக்கார்தோவின் இரண்டு சப்பாத்துகளும் மட்டும். இடது சப்பாத்து நடந்தது. வலது சப்பாத்து இழுபட்டு வந்தது. அதன் வேகத்துக்குக் கழுதை நடந்தது. மேடையைச் சுற்றவில்லை. காலை உதைக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் முதுகில் ஒரு முழு மனிதனின் பாரம் இறங்கி ஏறியது. எலும்பு முறிந்தாலும் இருமக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார், வாழ்க்கையில் முதல் தடவையாக.

முதல் கதவில் ரிக்கார்தோ பாடினார். இடமில்லை என்று உள்ளிருந்து பாடினார்கள். இரண்டாம் கதவிலும் இல்லை. அங்கே அவர் பழக்கதோஷத்தில் பகிடி விட வாயைத் திறந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. முதுகில் அந்தக் கை நகராமல் நிற்பதைக் கழுதை உணர்ந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் மெல்ல ஒரு அடி எடுத்து வைத்தது. அந்தக் கையும் கூடவே வந்தது. பகிடி இருந்த இடத்தில் ரிக்கார்தோ பாட்டையே திரும்பப் பிடித்தார். மூன்றாம் கதவில், உள்ளிருந்து பாடவேண்டியவர்களோடு மண்டபமே சேர்ந்து பாடியது. கதவு திறந்தது.

பிறகு ராசாக்கள் வந்தார்கள். மூன்றாவது ராசா நீலக் கோட்டுக்கு மேல் அங்கி போட்டிருந்தார். மேடை மரபு தெரியாத மனிதர். சொன்னவுடன் முழங்காலிட்டார், சொன்னவுடன் முடியைக் கழற்றினார். சென்னையில் செய்த அந்த முடி கழுதையின் மூக்குக்கு நேரே வந்து அமர்ந்தது. இவ்வளவு கிட்டத்தில், தலைக்கு வெளியே, கோபாலகிருஷ்ணன் அதைப் பார்த்ததில்லை. ஒரு கல் விழுந்திருந்தது.

எல்லாம் முடிந்து பின்கதவால் வெளியேறி, குழாயில் முகம் கழுவிக்கொண்டு அவர் கார்த் தரிப்பிடத்துக்கு வந்தபோது கல்யாணசுந்தரம் ரைஸ் குக்கர் பெட்டியோடு நின்றார்.

"அண்ணை, எங்க போனனீங்கள்? கடைசி நேரத்தில பயந்திட்டீங்கள் எண்டு எல்லாரும் கதைக்கினம். நான்தான் சமாளிச்சனான்."

"நல்லாச் செய்தீர் தம்பி" என்றார் கோபாலகிருஷ்ணன். "பெட்டியை நீரே வைச்சிரும். நாடகத்துக்குத் தேவைப்படும். ஒரு கல்லு விழுந்திருக்கு, ஒட்டவேணும்."

காரில் ஏறுவதற்கு இடுப்பு நெடுநேரம் எடுத்தது. சிவகௌரி பெல்ட்டைப் போட்ட பிறகு ஆரம்பித்தார்.

"பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தனான். என்ர மனுசன் ராசா எண்டு பக்கத்தில இருந்த அவ்வளவு பேருக்கும் சொன்னனான்."

"பின்னுக்கு ஒரு வேலை வந்திட்டுது." சாவியைப் போட்டார், ஆனால் திருகவில்லை. "கௌரி, அந்தக் கழுதை எப்பிடி?"

"எந்தக் கழுதை?"

"யோசேப்போட வந்தது."

சிவகௌரி யோசித்துப் பார்த்தார். "கழுதை ஒண்டு வந்ததுதான் போல. நான் கவனிக்கேல்லை. அந்த மனுசனைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். எல்லாரும் அவரைத்தான் பாத்தவை."

"ஓம்" என்றார் கோபாலகிருஷ்ணன், காரை எடுத்தார்.