மாலை போடாத படம்

ஆம்பூர் கடைத்தெருவில் என் பிரேம் கடைக்கும் சோபனாவின் போட்டோ ஸ்டுடியோவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். அவள் போனில் பேசுவதெல்லாம் இந்தப் பக்கம் கேட்கும். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

"புதுச் சட்டைய பாக்கெட்டப் பிரிச்சி அப்டியே போட்டுனு வராதீங்க சார், மடிப்பு தெரியும். ஒரு தண்ணி அலசி அயர்ன் பண்ணிடுங்க. அன்னிக்கே முடி வெட்டிக்காதீங்க. பவுடர் ஜாஸ்தி வேணாம். நல்லா தூங்குங்க. சாப்ட்டுட்டு வாங்க."

படம் எடுக்க வருகிறவனைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லும் ஸ்டுடியோவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "இன்னாம்மா, பொண்ணு பாக்கவா வர்றான்?" என்று கேட்டால், "பசியோட வந்தா மூஞ்சில தெரியும் பரணிண்ணா" என்பாள். வந்தவர்களை உட்கார வைத்து, வீட்டில் யார் யார், காலையில் என்ன டிபன் என்று கதை பேசுவாள். கேமராவை எடுக்கவே மாட்டாள். பார்க்கிற எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் படம் வந்ததும் வாயை மூடிக்கொள்வேன். ஷூ கம்பெனி மேனேஜர்கள், வேலைக்கு மனுப் போடும் காட்பாடிப் பிள்ளைகள், எல்லாரும் அவள் படத்தில்தான் அவரவராக இருப்பார்கள்.

அவள் இந்த வேலைக்கு வந்ததற்கு அவள் அப்பாதான் காரணம். அவர் பெயர் கோவிந்தசாமி, தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை பார்த்தவர். சோபனா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். மாலை போட்டு மாட்ட வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. டேனரி ஆயுத பூஜையில் எல்லாரும் சேர்ந்து எடுத்த படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார்கள். நான்தான் பிரேம் போட்டேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் கை அவர் தோளில் இருந்தது. கையை எடுத்தால் தோளும் போய்விடும். அப்படியே விட்டார்கள்.

"யார் கைண்ணா இது?" என்று சோபனா என் கடையில் நின்று கேட்டாள்.

"எனக்கெப்டிம்மா தெரியும்?" என்றேன். அவளுக்கு மட்டும் அந்தக் கேள்வி தீரவில்லை. கல்யாண வீடுகளில் கேமரா தூக்கி, தொழில் கற்றுக்கொண்டு, பக்கத்திலேயே ஸ்டுடியோ போட்டாள். ஊரில் யாருடைய சுவரிலும் அடுத்தவர் கையோடு ஒரு படம் தொங்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம்.

ஆனால் சொந்த அம்மாவிடம் அந்த வைராக்கியம் செல்லவில்லை. அவள் அம்மா கமலம் அக்கா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தவர். பெரிய படமாகத் தனியாக எடுத்து மாட்டினால் அது செத்தவர் படம் என்பது நம் பக்கத்து வழக்கம். உயிரோடு இருக்கிறவர் அப்படி உட்காரவே பயப்படுவார். இது போதாதென்று என் கடையிலும் ஒரு கூத்து நடந்தது. ஒடுகத்தூர் வேர்க்கடலை வியாபாரி ராமமூர்த்தியை சோபனா தனியாக, பெரிதாக எடுத்திருந்தாள். பிரேமுக்கு வந்தது. ஆள் போய்விட்டார் என்று நினைத்து, எல்லாருக்கும் செய்கிற மாதிரி சந்தன மாலையும் போட்டு, நெற்றியில் குங்குமமும் வைத்து, சின்ன பல்பும் மாட்டி வைத்தேன். வாங்க வந்தது ராமமூர்த்தியேதான். கூட அவர் மனைவியும். அந்த அம்மா என்னைப் பேசிய பேச்சு தெருமுனை வரை கேட்டது. தனியாள் படத்தைக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நான் என்ன ஜோசியக்காரனா?

கமலம் அக்கா அன்றைக்கு ஸ்டுடியோவில்தான் இருந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, "என்னிய மட்டும் எடுத்துடாதடீ" என்றார்.

போன தை மாதம் அவருக்கு இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது என்றார்கள். வேலூரில் ஆபரேஷன். வயதைப் பார்த்தால் எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவின் நல்ல படம் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை என்பது சோபனாவை அரித்தது. இப்போது கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்பதும் அவளுக்குத் தெரியும். இருந்தும் ஒருநாள் கேட்டுவிட்டாள். சுவர் வழியாக எனக்கும் கேட்டது.

"ஆபரேஷனுக்கு முன்னால போட்டோவா? இன்னாடீ, எனக்கு எல்லாம் ரெடி பண்றியா?"

அப்புறம் நாற்காலி நகரும் சத்தம்தான் கேட்டது. சோபனா அழுதிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல்நாள் காலையில் கமலம் அக்கா தானாகவே ஸ்டுடியோவுக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் சோபனா என்னைக் கூப்பிட்டாள். போனேன். அக்கா உடம்பில் அலசித் தேய்த்த நீலப் புடவை. முகத்தில் பவுடர் இல்லை. தலையில் எண்ணெய் வழியவில்லை.

"நல்லா தூங்கினேன். ரெண்டு இட்லி சாப்ட்டேன்" என்றார் மகளிடம். "நீ போன்ல ஊருக்கெல்லாம் சொல்றத நானும்தான கேட்டுனு இருக்கேன்."

சோபனா விளக்கை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். தையல் மிஷினில் குனிந்து குனிந்து அம்மாவின் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நேராக உட்காரு என்று சொல்லாமல் கேமராவைத்தான் அந்தப் பக்கம் தள்ளி வைத்தாள்.

"தனியா எடுக்காத" என்றார் அம்மா. "உங்கப்பா படத்துல இருக்குதே, அந்த மாதிரி தோள்ல ஒரு கை வையி."

"அது யார் கைன்னே தெரியாதும்மா."

"யார் கையா இருந்தா இன்னா? நல்லா இருக்கட்டும் அந்த ஆளு. மனுஷன் தனியா இல்லன்னு தெனம் பாத்து நிம்மதியா இருந்தேன்டீ நானு."

இத்தனை வருஷம் எதைக் குறை என்று மகள் நினைத்திருந்தாளோ, அம்மா அதைப் பார்த்துத்தான் தேறியிருக்கிறார். சோபனா மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய் அம்மாவின் பக்கத்தில், படத்தில் விழாதபடி நின்றாள். கையை மட்டும் தோளில் வைத்தாள். பட்டனை அழுத்தியது நான்.

பிரேம் போடும்போது படத்தைச் சுற்றி ஓரமாக வைக்கும் அட்டை அந்தக் கையை மறைத்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கை முழுதாகத் தெரிகிற மாதிரி வேறு அட்டை வெட்டினேன்.

ஆபரேஷன் அன்று எனக்கு வேலை ஓடவில்லை. கண்ணாடியைத் தப்பாக வெட்டி இரண்டு துண்டை வீணாக்கினேன். சாயங்காலம் சோபனா போன் செய்தாள்.

"பரணிண்ணா, அம்மா கண்ண முழிச்சிட்டாங்க. பேசறாங்க."

"இன்னாம்மா சொல்றாங்க?"

"அந்தப் பரணிகிட்ட சொல்லி வையி, என் படத்துக்கு மாலை கீலை போட்டுடப் போறான்னாங்க."

நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் எழுந்து, ஆணியில் தொங்கிய சந்தன மாலைகளை எடுத்து, கமலம் அக்காவின் படத்துக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய் மாட்டினேன்.