சுட்டார்களாம்

அரசு அச்சகத்தில் பிழை திருத்துகிறவருக்கு ‘ஒற்று’ என்று பட்டப்பெயர். விட்டுப்போன ஒரு ‘க்’குக்காக அமைச்சரின் உரையையே அச்சேற விடாமல் நிறுத்தியவர். “வீட்டுக்காரம்மா திட்டுனாக்கூடப் பொறுத்துக்குவாரு, ஒற்று விட்டுப்போனா பொறுக்க மாட்டாரு” என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கையைத் தாண்டி ஒரு பிழை வெளியே போனதில்லை.

அப்படிப்பட்டவர் கையில்தான் அந்தத் தாள் வந்தது. பக்கத்து நாட்டோடு நடந்த துப்பாக்கிச்சூடு பற்றி எல்லைச் சாவடியிலிருந்து வந்த தகவல். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அரசு அறிவிப்பாக வரவேண்டியது. ‘அவர்கள்தான் முதலில் சுட்டார்களாம்’ என்று இருந்தது. எழுதிய காவலாளி நேரில் பார்க்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டிருக்கிறான். கேட்டதைக் கேட்டபடியே ‘ஆம்’ போட்டு எழுதிவிட்டான், புண்ணியவான்.

பிரிவு அதிகாரி மேசையோரம் வந்து நின்றார். “அந்த ‘ஆம்’ வேண்டாம் சார். எடுத்துடுங்க.”

“எடுத்தா அர்த்தமே மாறிடும் சார். பார்த்தவன் சொன்னா ‘சுட்டார்கள்’. கேட்டவன் சொன்னாத்தான் ‘சுட்டார்களாம்’.”

“உங்களுக்குத் தெரியுறது மேல இருக்கிறவங்களுக்குத் தெரியாதா? பேச்சுவழக்கைத் திருத்துறோம்னு நெனச்சுக்குங்க.”

ஒற்று சிவப்புப் பேனாவை எடுத்து அந்த ‘ஆம்’மை அடித்தார். ஓரத்தில் கையெழுத்தும் போட்டார். அடப்பாவி மனுஷா! ஒரு ‘க்’குக்கு மல்லுக்கு நின்றவர் இதற்கு மென்று விழுங்கினார். ஓய்வுபெற இன்னும் நாலு வருஷம் இருந்தது, வேறொன்றுமில்லை.

மூன்றாம் நாள் போர் தொடங்கியது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வித்தையை அரசாங்கத்துக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன? ஊர் ஊராக ஆள் எடுத்தார்கள். அவருடைய ஒரே மகன், லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், பத்திரிகையும் கையுமாக வந்து நின்றான்.

“நாம சும்மாதானேப்பா இருந்தோம்? அவங்கதானே முதல்ல சுட்டாங்க? எப்படிப்பா வீட்ல உக்காந்திருக்கிறது?”

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் வேலை போகும், கம்பி எண்ண வேண்டியிருக்கும். “யோசிச்சு முடிவு பண்ணுடா” என்று மட்டும் சொன்னார். யோசிக்க அவனுக்கு என்ன மிச்சம் வைத்திருந்தார்?

படையில் சேர்ந்துபோன பதினேழாம் நாள் பெட்டியில் வந்தான். திறக்கக் கூடாது என்றார்கள்.

வந்த கூட்டமெல்லாம் போனபிறகு மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். “அவங்க மட்டும் முதல்ல சுடாம இருந்திருந்தா...” என்று மறுபடியும் ஆரம்பித்தாள். அவரால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் சரிந்து உட்கார்ந்து, சிவப்புப் பேனா வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லி அழுதார்.

அவள் கத்தவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன் உங்களைக் கேட்டப்போ நானும் அங்கதானே நின்னேன்” என்றாள். “நீங்க மறுத்து ஒரு வார்த்தை சொல்லலையே. அப்பாவே சும்மா இருக்காரு, அப்ப உண்மையாத்தான் இருக்கும்னு, நானே அவன் பையை அடுக்கிக் குடுத்தேனேங்க.”