எட்டாவது வீட்டுக் கழுநீர்

விதை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பதினெட்டு வருடம் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து, வடபழனிக்கும் அடையாறுக்கும் நடுவில் தொண்டை கிழியக் கத்தியவள் நான். ஓய்வு பெற்ற மறுவாரமே எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் மண் பைகளை அடுக்கிவிட்டேன். கொத்தமல்லி விதையை முழுசாகப் போட்டால் அது சாவகாசமாகத்தான் எழுந்து வரும். பழைய செருப்பால் ஒரு தேய்ப்புத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். கீரை விதை பொடிசு, மணலில் கலந்து தூவாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக முளைக்கும். தூவிய கையோடு சுற்றி மஞ்சள் தூள் போடாவிட்டால் எறும்பு அள்ளிக்கொண்டு போய்விடும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பை பையாகக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

போன கோடையில் நாற்பது தக்காளி நாற்று, இருபது கத்தரி, இரண்டு பெரிய தொட்டியில் முளைக்கீரை. எல்லாம் விதையிலிருந்து நானே எழுப்பியவை. நாற்றுகள் விரல் உயரம் வந்த நேரம் பார்த்து மாடிப்படியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். லாரித் தண்ணீர் சரியாக வரவில்லை, ஆகவே தொட்டித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது. கீழே செக்ரட்டரியின் கையெழுத்து.

செக்ரட்டரி இரண்டாம் மாடிக்காரர். மனைவி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. துக்க வீடு என்று அதுவரை நான் அவரிடம் எதற்கும் மல்லுக்கு நின்றதில்லை. அன்றைக்கு நின்றேன்.

“போர் தண்ணி உப்பு சார். அதை ஊத்தினா நாத்து கருகிடும்.”

“மனுஷனுக்கே தண்ணி இல்ல மேடம். செடிய அப்புறம் பாத்துக்கலாம்.”

“உங்க தண்ணி ஒரு சொட்டு எனக்கு வேணாம். செடி காய்க்குதா இல்லியா பாருங்க!”

சொல்லிவிட்டேனே தவிர, எதை ஊற்றுவது என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து சோறு வைக்க அரிசி களைந்தபோதுதான் உறைத்தது. கையில் இருக்கிற தண்ணீரையே சாக்கடையில் விடுகிறோமே! எட்டு வீட்டிலும் தினம் சோறு வடிக்கிறார்கள். பழைய பெயிண்ட் வாளிகளைக் கழுவி, வீட்டுக்கு ஒன்றாக வாசலில் வைத்தேன். அரிசி களைந்த தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், சோப்புத் தண்ணீர் வேண்டாம் என்று கதவு கதவாகத் தட்டிச் சொன்னேன். செக்ரட்டரி கதவைத் திறந்தார், கேட்டார், சாத்திக்கொண்டார். அங்கேயும் ஒரு வாளியை வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

கீழ்வீட்டு ஆட்டோக்காரர் மனைவிக்கு ஒரே குஷி. “இன்னாக்கா, இத்தப் போயி கெஞ்சிக்கினு கீற? அஞ்சு பேர் சோறு துன்ற வூடு. அரை வாளி உனுக்கு கேரண்டி!”

சொன்னபடியே கொடுத்தாள். ஏழு வீட்டுத் தண்ணீர் கிடைத்தது. அக்கினி நட்சத்திர வெயிலில் அது ஒரு வேளைக்குத்தான் காணும். மாலைக்குள் தக்காளி நாற்றெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுவிடும். எட்டாவது வாளி மட்டும் தினமும் காய்ந்தே கிடந்தது. ஒரு நாளாவது அதன் அடி நனைய வேண்டுமே! ஐந்து நாற்று செத்த அன்று படியிலேயே அவரை மறித்துக்கொண்டேன். கண்டக்டர் குரல், நாலு வீட்டுக் கதவு திறந்தது.

“ஏன் சார், சாக்கடைக்குப் போற தண்ணிய குடுக்கக் கூட மனசு வரலியா? அந்தச் செடி உங்கள என்ன பண்ணுச்சு?”

அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த பன் பாக்கெட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

“நான் கொட்டல மேடம். அவ போனதுலேருந்து எங்க வீட்ல அரிசியே கழுவல. அடுப்பே பத்த வெக்கல.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. காலையும் மாலையும் குனிந்து வாளியைப் பார்த்தேனே, இந்த மனிதர் என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு நாள் யோசித்தேனா? சாயந்திரம் சாம்பார் சாதம் கொண்டுபோனேன். கும்பிட்டு மறுத்துவிட்டார்.

“முதல் மாசம் எல்லாரும் குடுத்தாங்க மேடம். வாங்கி வாங்கிக் கூசிப் போச்சு. வேணாம்.”

விட்டுவிடுகிற ஆள் நான் இல்லை. மறுநாள் மாலை மாடிக்குப் போய், வேர் மண்ணை உதறி ஒரு கட்டு முளைக்கீரை பிடுங்கினேன். அதை அவர் கையில் திணித்தேன்.

“இது சாப்பாடு இல்ல சார், கீரை. ராத்திரி வெச்சிருந்தா காலையில வாடிடும். விதை போட்டு வளத்தது, வீணாக்கினா எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் மாடியில் நாற்றுகளை நிழலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தேன். செக்ரட்டரி வந்தார். இரண்டு கையாலும் ஒரு சொம்பைப் பிடித்திருந்தார். வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர். எதையும் கேட்காமல் கடைசி வரிசைத் தக்காளியில், ஒவ்வொரு நாற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். அந்த வரிசை பிழைத்தது. ஆவணியில் காய்த்தது.

“கீரை கடைஞ்சேன் மேடம்,” என்றார் அன்று, காலிச் சொம்பைக் கவிழ்த்தபடி. “சோறும் வெச்சேன். ஒரு ஆளுக்கு எவ்ளோ அரிசின்னு தெரியல. அவ டம்ளர்ல, அவ போடற அளவே போட்டுட்டேன். ரெண்டு பேருக்கு இருக்கு. வந்து சாப்பிடறீங்களா?”

மண் கையைக் கழுவிக்கொண்டு கீழே போனேன். கதவு விரியத் திறந்திருந்தது, மேஜையில் இரண்டு தட்டு. சோறு குழைந்திருந்தது. கீரையில் உப்பே இல்லை, சரியாக அலசாததால் மண் நறநறவென்றது. நாலு பேர் முன்னால் அவரைக் கேட்ட அதே வாயால் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டேன். பிறகு தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் போடுங்கள் சார் என்றேன்.