மாமாவின் வலது கால்

விமானம் ஓட்டப் படிக்கப் போயிருந்த மாமா, அம்மாவின் தம்பி, கூடலூரில் எங்கள் வீட்டில் தங்கியது பதினெட்டு நாள். குடித்த ஆட்டுக்கால் சூப்பு பதினேழு கிண்ணம். எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முடிந்த விடுமுறை.

சூப்புக்குக் காரணம், வந்த அன்று சாப்பிடும்போது அவர் சொன்ன விஷயம். பயிற்சி விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தபோது இடப்பக்கம் விலகிப் புல்தரைக்குள் போய்விட்டதாம். யாருக்கும் காயமில்லை. பதினைந்து நாள் ஓய்வெடுத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

அப்பா குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவர். "இடது பக்கம் இழுத்தா வண்டியத்தான பட்டறைக்கு அனுப்பணும்? உன்னைய எதுக்கு மாப்ள அனுப்புனாக?" என்றார்.

"வண்டியில கோளாறு இல்ல மச்சான். எஞ்சின முழுசா முடுக்குனா மூக்கு இடது பக்கம் திரும்பத்தான் செய்யும். வலது காலால பெடலை மிதிச்சு நேராக்கணும். நான் சரியா மிதிக்கல."

முன்னால் சுழலும் விசிறி காற்றை முறுக்கிப் பின்னே தள்ளுகிறது. அது வாலின் இடப்பக்கத்தில் மோதி மூக்கைத் திருப்புகிறது. எஞ்சினின் எதிர்முறுக்கு வேறு இடது சக்கரத்தைத் தரையோடு அழுத்துகிறது. வலது பெடலை மிதித்தால், வாலில் கதவுபோல நிற்கும் சுக்கான் வலப்பக்கம் திரும்பி விமானத்தை நேராக்கும். இதையெல்லாம் மாமா தட்டில் அப்பளத்தை நிறுத்தி விளக்கினார். அம்மாவின் காதில் விழுந்தது ஒன்றுதான்: தம்பியின் வலது காலில் பலமில்லை.

"சின்னப்புள்ளையில சைக்கிள்ல இருந்து விழுந்த கால்தானடா அது!"

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அப்பளத்தை உடைத்துத் தின்றார்.

மறுநாளே ஜெயமங்கலத்து வைத்தியர் ஒருவரிடமிருந்து தைலம் வந்தது. வலது கால் முட்டிவரை பளபளத்தது. இடது காலை யாரும் சீந்தவில்லை. மூன்றாம் நாளிலிருந்து மாமா லேசாக நொண்டவும் செய்தார். பதினைந்தாம் நாள் அப்பா, "கிளம்பலாமா மாப்ள?" என்று கேட்டபோது, "இன்னும் நரம்பு இழுக்குது மச்சான்" என்றார். கால் குணமாகாதவரை அவர் அந்த ஓடுபாதைக்குத் திரும்ப வேண்டியதில்லை. இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. மாமா பைலட் ஆகாவிட்டால் நான் பள்ளியில் அளந்துவிட்டதெல்லாம் பொய்யாகிவிடும் என்ற கவலைதான் எனக்கு.

பதினேழாம் நாள் பிற்பகல், கொல்லையில் கட்டம் கிழித்துத் தனியாகப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை கோட்டை மிதித்துவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"தள்ளு ஆத்தா. நீ ஆடுறதப் பாத்தா எனக்கே அழுகை வருது."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வலது காலால் எட்டுக் கட்டங்களையும் நொண்டியடித்துத் தாண்டி, திரும்பியும் வந்தார். ஒரு கோட்டைக்கூடத் தொடவில்லை.

நான் வீட்டுக்குள் ஓடினேன். "அம்மா, மாமாவுக்குக் கால் சரியாயிருச்சு! எட்டுக் கட்டமும் ஒத்தைக் கால்ல தாண்டுனாக! வலது கால்ல!"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா, "அப்பறமென்ன, காலையில தேனி பஸ் ஸ்டாண்டுல நானே எறக்கி விடுறேன்" என்றார். மாமா கொல்லைக் கதவருகில் நின்று என்னையே பார்த்தார்.

"நல்ல காரியம் பண்ணுன ஆத்தா" என்றார்.

அப்போதே நான் தினமும் எழுதிவந்த நோட்டில், 'மாமா என்னைப் பாராட்டினார்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

பின்னாளில் மாமா பல ஆண்டுகள் விமானம் ஓட்டினார். பெடலுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "பலம் எதுக்கு? எஞ்சின் கேக்குற அளவுக்கு மிதிக்கணும், வேகம் கூடக்கூடத் தளத்தணும். பயந்து விறைச்ச கால் ரெண்டையும் செய்யாது" என்றார்.

ஆனால் மாமா கிளம்பிய அன்று காலை எனக்கு இது தெரியாது. மாமா ஜீப்பின் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் அப்பா எஞ்சினை முடுக்கினார். மாமாவின் வலது கால், மிதிக்க எதுவுமே இல்லாத தகரத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. முட்டி வெடவெடவென்று ஆடியது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"பாரும்மா, எம்புட்டுப் பலமா மிதிக்கிறாக!"