பிரேக் மேடமும் பன்னிரண்டாம் பாடமும்

அக்கா வலது காலால் தரையை அழுத்துகிறாள். எதிரே மடிக்கணினியில், ஒரு குழந்தை சாப்பாட்டுத் தட்டைத் தட்டிவிடும் காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. குழந்தையின் கை தட்டை நோக்கிப் போகும்போதே அக்காவின் கால் அழுந்திவிடுகிறது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். வருடக்கணக்காக அதை மிதித்துப் பழகி, இப்போது எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், ஆபத்து என்று தோன்றினால் கால் தானாகத் தரையைத் தேடுகிறது. அவளிடம் படித்தவர்கள் அவளை 'பிரேக் மேடம்' என்பார்கள். நான் எழுத்தாளனாகப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்த அன்றும் மேசைக்கடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஜன்னலோரம் உட்கார்ந்தே வேலை பார்ப்பதால் ஒரு கை மட்டும் நன்றாகக் கறுத்திருக்கும். மற்றது வேறு யாருடையதோ போல வெளுத்திருக்கும். கைப்பையில் புளிப்பு மிட்டாய் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டாள். பயத்தில் வாய் உலர்ந்துபோகிற மாணவர்களுக்கு அதுதான் மருந்து. யாரையும் திட்டியதில்லை. ஒருவர் தெருமுனைக் குப்பைத் தொட்டியை இடித்துச் சாய்த்தபோது, "பரவால்ல, அது அங்கதான் இருந்துச்சு. திரும்பப் பாக்கலாம்" என்றாளாம். அவளிடம் படித்துத் தேறாதவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். மூன்று முறை முயன்றுவிட்டு, "நீ பஸ்ல போடா, பஸ்ஸும் ஓடணும்ல" என்று என்னை இறக்கிவிட்டாள்.

மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபின் அக்கா வீட்டில் ஓர் அறை காலியானது. அத்தானும் இப்போது உயிரோடு இல்லை. அடுத்த தெருவில் இருக்கும் நான், என் புத்தகங்களை அங்கே கொண்டுபோய் அடுக்கலாம் என்று மனசுக்குள் அலமாரிகூட அடித்துவிட்டேன். அவளோ சத்தமில்லாமல், வளர்ப்புத் தாய்க்கான இணையவழிப் பயிற்சியில் பெயர் கொடுத்திருந்தாள்.

"தத்து எடுக்கப்போறியாக்கா?"

"தத்து இல்லடா. அது நமக்குன்னு எடுத்துக்கறது. இது, பெத்தவங்களால முடியாதப்ப கொஞ்ச நாள் நாம பாத்துக்கறது."

மொத்தம் பன்னிரண்டு பாடம். காணொளி பார்க்க வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மாலை நேரடி வகுப்பில் எல்லோர் முன்னாலும் செய்து காட்டவும் வேண்டும். அந்த வகுப்பில் மைக்கை அணைக்க மறந்துவிட்டுச் சண்டை போடும் ஒரு தம்பதி உண்டு. முகத்தைக் காட்டாமல் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியை மட்டும் காட்டும் ஒருவரும் உண்டு. அக்கா அவருக்கு 'ஃபேன் சார்' என்று பெயர் வைத்திருந்தாள். செய்து காட்டும்போது உறவில் ஒருவர் குழந்தையாக நடிக்க வேண்டும் என்பது விதி. அக்காவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது நான்தான். வழுக்கையும் தொந்தியுமாக, நாற்பத்தெட்டு வயதில், நான் எட்டு வயதுக் குழந்தையானேன்.

வெளியே அலுத்துக்கொண்டாலும் உள்ளூர எனக்கு ஒரே குஷி. பள்ளி நாடகத்தில் மரமாக நின்றதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு இது. சாப்பாட்டை ஒளித்துவைக்கும் பிள்ளையைப் பற்றிய பாடத்தில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைச் சட்டைக்குள் மறைத்தேன். பாடம் முடிந்தும் திருப்பித் தரவில்லை. கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தும் பாடத்தில் தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. பயிற்சி நடத்தும் இளம்பெண், "கொழந்த கொஞ்சம் ஓவரா பண்றாங்க" என்றார். "சின்ன வயசுலயும் இப்படித்தான் மேடம்" என்றாள் அக்கா.

அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. கோபத்தில் கத்துகிற பிள்ளையிடம் முதலில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டதற்கு, பழக்க தோஷத்தில், "வண்டிய ஓரமா நிறுத்து" என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அவள்தான்.

பதினோரு பாடமும் மளமளவென்று முடிந்தன. அதற்குள் வரப்போகும் பிள்ளை யார் என்பதும் தெரிந்துவிட்டது. எட்டு வயதுப் பெண். அம்மா மருத்துவமனையில் இருக்கிறாள். தேறி எழ மாதக்கணக்காகும். வேறு சொந்தம் இல்லை. அதுவரை அந்தப் பெண் காப்பகத்தில் இருக்கிறாள். அக்கா இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முதல் தடவை அந்தப் பெண் வாயே திறக்கவில்லையாம். இரண்டாம் தடவை அக்காவின் கைகளை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரு கை மட்டும் ஏன் கருப்பா இருக்கு?" என்று கேட்டாளாம். இதை அக்கா என்னிடம் ஒரே நாளில் நாலு தடவை சொன்னாள்.

பன்னிரண்டாம் பாடம் மட்டும் நகரவில்லை. கேட்டால், "நெட்டு சரியில்லடா" என்பாள். எங்கள் குடும்பத்தில் கணினி என்றால் நான்தான் நிபுணன். எப்போதோ ஒருமுறை பிரிண்டரை அணைத்துப் போட்டதில் அது ஓடிவிட்டது. அன்றைக்குக் கிடைத்த பட்டம். விடுவேனா? ரூட்டரை ஜன்னலோரம் வைத்தேன். பிறகு அலமாரி மேல் வைத்தேன். புது ஒயர் வாங்கி வந்து, ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, சிக்னல் எப்படிச் சுவரில் முட்டிக்கொள்கிறது என்று அரைமணி நேரம் அளந்துவிட்டேன். அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "நீ மெதுவா பண்ணு, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

அவசரம் இருந்தது. பயிற்சி நடத்தும் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து போன் வந்திருந்தது. வரும் சனிக்கிழமை வகுப்போடு பயிற்சி முடியாவிட்டால், ஏற்கெனவே பயிற்சி முடித்து வேறு ஊரில் காத்திருக்கும் ஒரு வீட்டுக்கு அந்தப் பெண்ணை அனுப்பிவிடுவார்கள்.

வியாழக்கிழமை மதியம், அவள் துணி காயப்போடப் போன நேரம் பார்த்து, பன்னிரண்டாம் பாடத்தை நானே அழுத்தினேன். ஒரு தடங்கலும் இல்லாமல் திறந்துகொண்டது. 'பிள்ளையைப் பெற்றவரிடம் திருப்பி அனுப்புதல்' என்று தலைப்பு வந்தது. முதல் நிமிடத்திலேயே யாரோ நிறுத்திவைத்திருந்தார்கள்.

"அதுல கை வைக்காத" என்றாள் அக்கா. காலி வாளியோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"நெட்டு நல்லாத்தானேக்கா இருக்கு?"

"நெட்டுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தவுடன் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்தால் நான் ஏன் பத்திரிகையில் எழுதப்போகிறேன்? "உன்கிட்ட கத்துக்கிட்டு எத்தன பேரு போயிருக்காங்க. இதையும் அப்படி நெனச்சுக்கயேன்" என்று அழகான ஒப்புமை ஒன்றை எடுத்துவிட்டேன்.

"அவங்க எப்படா எறங்குவாங்கன்னு நானே வாட்ச்சப் பாத்துட்டு இருப்பேன். அதுவும் இதுவும் ஒண்ணா?"

"சரி, வீடியோவ ஓடவிட்டுட்டு நீ கடைக்குப் போயிட்டு வந்துடு. பாத்த கணக்குல சேந்துடும்."

"டெஸ்ட் குடுக்காம லைசன்ஸ் வாங்கினவங்கள எனக்குத் தெரியும்டா. எந்தச் சுவத்துல போய் நின்னாங்கன்னும் தெரியும்."

"உன் பையன நீ அனுப்பி வைக்கலையா?"

"அவன் அவனா போனான். நான் வாசல்ல நின்னேன், அவ்வளவுதான். இங்க நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் விடணும்." வாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அதுகூடப் பரவால்ல. அந்த வீடியோ ஆரம்பிச்சதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அவ அம்மாவுக்கு ஒடம்பு தேறாமலே இருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு. ஒரு நிமிஷம்தான். ஆனா தோணுச்சுல்ல? படுத்துக் கெடக்கற ஒரு பொம்பளயப் போயி. இப்படி நெனைக்கறவ கையில பிள்ளையக் குடுக்கலாமா?"

வாராவாரம் ஊருக்கெல்லாம் ஆறுதல் எழுதுகிறவன் நான். "டீ போடட்டாக்கா?" என்று கேட்டேன். "உன் டீயா? ஏற்கெனவே மனசு சரியில்ல" என்றாள். சிரிக்கவும் செய்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அவள் இந்தப் பாரத்தை வைத்துக்கொண்டுதான் ஸ்டூலைப் பிடித்தபடி என் சிக்னல் பாடத்தைக் கேட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை வகுப்பில், விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடத்தான் மைக்கைத் திறந்தாள். காரணத்தையும் ஒளிக்கவில்லை, என்னிடம் சொன்னதை அப்படியே எல்லோரிடமும் சொன்னாள். சண்டைக்காரத் தம்பதி முதல் முறையாக மைக்கை அணைத்தார்கள். நான், குழந்தை வேடத்துக்காகப் போட்டிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டு, திரையில் தெரியாத மூலைக்கு நகர்ந்தேன்.

ஃபேன் சாரின் கட்டத்தில் மின்விசிறி ஆடியது, சுவர் வந்தது, பிறகு ஒரு முகம் வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த ஒரு பெரியவர்.

"எனக்கு இது ரெண்டாவது பிள்ளைம்மா. மொதல்ல வந்த பையன் போறதுக்கு முந்தி, அவங்க அப்பாவுக்குக் கெடச்ச வேலை போயிடணும்னு நான் நெனைக்காத நாளில்ல. அப்படி நெனச்சுக்கிட்டேதான் அவன் சட்டைக்கெல்லாம் பட்டன் தச்சு அனுப்பினேன். அனுப்பிட்டு ரெண்டு மாசம் யார்கிட்டயும் பேசல. இப்ப மறுபடி வந்து உக்காந்திருக்கேன். நெனப்பு வந்தா வரட்டும். நீங்க பாடத்தப் பாருங்க."

பயிற்சிப் பெண் பன்னிரண்டாம் பாடத்தைத் திரையில் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு, "போடலாமா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். "போடுங்க" என்றாள்.

காணொளி முழுதும் ஓடியது. அதன்பின் செய்து காட்ட வேண்டும். என் வசனம் இதுதான்: 'நான் போகமாட்டேன், உங்க கூடவே இருக்கேன்.' கண்ணாடி முன் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். 'நான்' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் சொல்லாமல், கழற்றி வைத்த தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். நடிப்பு என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போறது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அங்க அம்மா உனக்காகப் படுக்கையிலேந்து எழுந்து வந்திருக்காங்க. உனக்கு எது புடிக்கும், எது புடிக்காதுன்னு அவங்ககிட்ட எனக்கு நெறைய சொல்லணும். வா, சேந்தே போலாம்."

குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அவள் நிறுத்தவில்லை, மறைக்கவுமில்லை.

"மேடம் பாஸ்" என்றார் பயிற்சிப் பெண். "கொழந்தைக்கு யாராச்சும் தண்ணி குடுங்க."

புதன்கிழமை அந்தப் பெண் வருகிறாள். நேற்று அக்கா என்னைக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். போர்வையோ பொம்மையோ வாங்குவாள் என்று நினைத்தேன்; பைகள் விற்கும் கடைக்குள் நுழைந்தாள். இப்படி வீடு மாறுகிற பிள்ளைகளில் பலர் தங்கள் துணிமணியைக் குப்பைப் பைகளில் திணித்துத் தூக்கிக்கொண்டுதான் அலைகிறார்களாம். திரும்பிப் போகும்போதாவது கையில் ஒரு நல்ல பை இருக்க வேண்டும் என்று காணொளியில் சொல்லியிருந்தார்கள். கடைக்காரர் சிவப்பில் சின்னதாக ஒன்றை எடுத்துப் போட்டு, "எட்டு வயசுக்கு இது தாராளம்மா" என்றார்.

"இதவிடப் பெருசா குடுங்க" என்றாள் அக்கா. "போறதுக்குள்ள வளந்துடுவா. துணியும் கூடிடும்."

அவர் எடுத்துக் கொடுத்த பெரிய பையின் ஜிப்பைத் திறந்து, உள்ளே திணித்திருந்த காகிதத்தையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, முழங்கைவரை கையை விட்டு, அடித் தையல் தாங்குமா என்று மூலைக்கு மூலை இழுத்துப் பார்த்தாள்.