தொண்ணூற்றிரண்டு கிராம்

ஞானசெல்வி போடியில் ஏலக்காய் தரம் பிரிப்பவள். வேலையில் ஒரு முறை உண்டு. காயை லிட்டர் படியில் நிரப்பி எடை பார்ப்பார்கள். பிறகு அதே காயை உள்ளங்கையில் அள்ளிக் குலுக்கிப் பார்ப்பார்கள். தராசும் கையும் ஒத்துப்போனால்தான் மூட்டையின் மேல் தரம் எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழனிசெட்டிபட்டி கிளப்பில் டேபிள் டென்னிஸ் ஆடுவாள். பதினோரு வருடம் ஆடிய பிறகு, 2006இல், முப்பத்தாறாவது வயதில், பெண்கள் அணிப் பட்டியலில் அவள் பெயர் வந்தது. மதுரையில் போட்டி.

கிளப் செயலாளர் வைகுண்டராஜ் அணியின் மூன்று பேருக்கும் ஒரே ரகத்தில் புது பேட் வரவழைத்தார். பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த விமர்சனத் தாள்கள் நான்கு அவர் கையில் இருந்தன.

“வேகம் பத்துக்கு ஒன்பதரை. ரப்பர் ஒட்டாம எடை எண்பத்தாறு கிராம். நெட்டுல அத்தன பேரும் பாராட்டி எழுதியிருக்காக.”

“எழுதுனவுக என் மணிக்கட்டப் பாத்தாகளாண்ணே?”

மறுவாரம் முதலாளியிடம் கேட்டு, ஏலக்காய்க் கடையின் சாம்பிள் தராசைத் துண்டில் சுற்றிக் கிளப்புக்குக் கொண்டுவந்தாள். ரப்பர் ஒட்டுமுன் மூன்று பேட்டையும் நிறுத்தாள். எண்பத்தெட்டு. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றேழு. அவளுக்கு ஒதுக்கியிருந்தது தொண்ணூற்றேழு.

“இதென்னம்மா, ஏலக்காயா?”

“ஏலக்காயா இருந்தா மூணுக்கும் மூணு வெலைண்ணே.”

எண்பத்தெட்டை அவளே எடுத்துக்கொண்டாள். இரண்டு வாரம் ஆடினாள். பந்து மேசையைத் தாண்டிப் போனது. மணிக்கட்டு வீங்கியது. எரிச்சலில் புது பேட்டிலும் தன் பழைய பேட்டிலும் ரப்பரை உரித்து, பழையதைத் தராசில் வைத்தாள். தொண்ணூற்றிரண்டு. இத்தனை வருடமும் லேசு என்று அவள் நம்பியிருந்த பேட்.

ஒரு பென்சிலின் மேல் இரண்டையும் மாற்றி மாற்றிக் கிடத்தினாள். பழையதன் பாரம் கைப்பிடிக்கு அருகே இருந்தது. புதியது தலைப்பக்கம் சாய்ந்தது. மற்ற இரண்டு புதியவையும் அப்படித்தான்.

அணியில் ஆடும் யுவராணி சிரித்தாள். “அன்னிக்குத் தராசு. இன்னிக்குப் பென்சிலு. நாளைக்கு என்னத்தத் தூக்கிட்டு வருவாகளோ!”

தராசில் பிழையில்லை. எண்ணைப் பார்த்ததும் கையைக் கேட்காமல் எடுத்தது அவள் பிழை. கடையில் ஒருநாளும் செய்யாதது.

பழைய பேட்டுக்கு ரப்பரை மட்டும் மாற்றினாள். ரப்பரைத் தேர்ந்தெடுக்கத் தாள் எதையும் படிக்கவில்லை. கிளப்பில் எல்லோருடைய பேட்டையும் வாங்கி ஆளுக்குப் பத்துப் பந்து அடித்துப் பார்த்தாள்.

வைகுண்டராஜ் கண்டிப்பாகச் சொன்னார். “அணின்னா ஒரே பேட். இல்லேன்னா பேர அடிச்சிருவேன்.”

“அடிங்கண்ணே. பேனா இருக்கா, தரவா?”

அடித்தார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தனிநபர் ஆட்டத்துக்கான படிவத்தை வாங்கி அங்கேயே உட்கார்ந்து நிரப்பினாள்.

மதுரையில் இரண்டு சுற்று ஜெயித்தாள். மூன்றாவதில் ஒரு கல்லூரிப் பெண்ணிடம் தோற்றாள்.

அடுத்த ஞாயிறும் வழக்கம்போல் கிளப்புக்கு வந்தாள்.

“நான் சொன்ன பேட்டா இருந்தா ஜெயிச்சிருப்ப” என்றார் வைகுண்டராஜ்.

“தோத்தது நான்ணே. பழிய பேட்டு மேல போடாதீக. இந்தாங்க, பிடிச்சுப் பாருங்க.”

வாங்கினார். இரண்டு முறை வீசிப் பார்த்தார். மூன்றாவது முறையும் வீசினார்.

“லேசா இருக்கே. எண்பது இருக்குமா?”

அவள் திருத்தவில்லை. பேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு மேசையின் மறுபக்கம் போய் நின்றாள்.

“நீங்க உங்க பேட்ட எடுங்க. சர்வீஸ் உங்களுது.”