நிலுவை ஏதுமில்லை

பட்டறையில் எல்லோரும் அவளைச் சக்கரக்கா என்றார்கள். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். சக்கர நாற்காலிகளைப் பழுது பார்ப்பதும், உட்காருகிறவரின் உடம்புக்கு ஏற்ப வெட்டி ஒட்டிக் கொடுப்பதும் அவள் வேலை. இலவசமாகக் கிடைக்கிற நாற்காலிகள் ஒரே அளவில் வரும். உடம்புகள் அப்படி வருவதில்லை. அவளுடைய தம்பி, தனக்குப் பொருந்தாத நாற்காலியில் ஆறு வருடம் உட்கார்ந்து முதுகு வளைந்துபோனவன். அவன் இறந்த மறு வருடம் பட்டறை திறந்தது. இதை அவள் எந்த விண்ணப்பத்திலும் எழுதியதில்லை.

வருகிறவர்கள் கொடுப்பதில் டயரும் பைப்பும் வாங்கலாம். வாடகைக்கும் வெல்டரின் சம்பளத்துக்கும் வெளியிலிருந்து நிதி வரவேண்டும். ஒன்பது வருடமாக வந்துகொண்டுதான் இருந்தது, ஒவ்வொரு வருடமாக. ஒவ்வொரு வருடக் கடைசியிலும், அடுத்த வருடம் நாம் இருப்போமா என்று தெரியாமல் அவளும் வெல்டரும் டீ குடிப்பார்கள்.

முதல் வருடம் பார்வையிட வந்தவர், சுவரோரம் இருந்த பதினோரு நாற்காலிகளைப் பார்த்து, "இவ்வளவு நிலுவையா?" என்றார். மறு வருட நிதி பாதியாயிற்று. அதிலிருந்து, யாராவது பார்வைக்கு வந்தால் முடிக்காத நாற்காலிகள் பக்கத்து அச்சகத்தின் காகிதக் கிடங்குக்குப் போய்விடும். அச்சகக்காரர் சாவியை நீட்டிக்கொண்டே கேட்பார், "என்னம்மா, மாமியார் வராங்களா?"

இந்த வருடம் புதிதாக ஒரு நிதி அறிவித்தார்கள். பத்து வருடத்துக்கு.

"பத்து வருஷமா? நம்ம ஆயுசுக்கே அவ்வளவு கியாரண்டி இல்லக்கா" என்றான் வெல்டர்.

"நீ பேசாம பைப்பை வளை."

அன்று மத்தியானம் அவள் சாப்பிடாமல் விண்ணப்பம் எழுதினாள். இன்னும் இரண்டு பேருக்கு வேலை கற்றுத் தரலாம். நான்கு வயதில் வந்த ஒரு பெண்ணை, வளர்ந்து முடிக்கும்வரை அளந்துகொண்டே இருக்கலாம்.

அப்படி ஒருத்தி இருந்தாள். இப்போது பன்னிரண்டு வயது. அவளுடைய நாற்காலியின் அடிப்பைப் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மாதிரி செய்தது. வருடா வருடம் இடுப்பை அளந்து, புதிதாக ஓர் ஓட்டை போட்டு, உள்பைப்பை வெளியே இழுத்து, அந்த ஓட்டையில் ஓர் இரும்புப் பின்னைச் செருகுவார்கள். முன்கூட்டி ஓட்டை போடச் சக்கரக்கா ஒப்புக்கொள்ளமாட்டாள். பிள்ளை எவ்வளவு வளரும் என்று உனக்கென்ன ஜோசியமா தெரியும் என்பாள். இப்போது இழுக்கப் பைப் மிச்சமில்லை. நாற்காலி பட்டறையில் கிடந்தது. பெண் வீட்டில் பாயில் படுத்திருந்தாள்.

பத்து வருட நிதிக்கு எழுதுகிறவர்கள் வேறு எதற்கும் எழுதக்கூடாது என்பது நிபந்தனை. வழக்கமான ஒரு வருட நிதிக்கு அவள் இந்தத் தடவை எழுதவில்லை.

பார்வைக்கு ஓர் அம்மாள் வந்தார். நாற்காலி கொடுத்தும் ஸ்டூலில்தான் உட்கார்ந்தார். தரை கழுவப்பட்டிருந்தது. சுவரோரம் ஒன்றுமில்லை.

"உங்ககிட்ட கொடுத்துட்டுக் காத்துட்டு இருக்கறவங்க எத்தனை பேரும்மா?"

"யாருமில்லீங்க மேடம். நிலுவை ஏதுமில்ல."

வெல்டர் முகக்கவசத்தைத் தூக்கி அவளைப் பார்த்தான். பிறகு இறக்கிக்கொண்டான்.

"யாருமே இல்லையா?"

"வந்தவங்க எல்லாருக்கும் முடிச்சுக் கொடுத்துட்டோம் மேடம்."

அந்த அம்மாள் சுவரைச் சற்று நேரம் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் பதினான்கு நாற்காலிகள் இருந்தன. நோட்டில் எழுதிக்கொண்டு எழுந்தார்.

ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. உங்கள் வேலை நேர்த்தியானது. உங்கள் பகுதியின் தேவை பெரும்பாலும் நிறைவேறிவிட்டதாகக் குழு கருதுகிறது. இந்த நிதி, தேவை தீராத இடங்களுக்கானது.

அவள் இரண்டு தடவை படித்தாள். போன் செய்தாள்.

"மேடம், பதினாலு நாற்காலி இருந்துச்சு. பக்கத்துக் கிடங்குல வெச்சிருந்தோம்."

"ஏம்மா அங்க வெச்சீங்க?"

"யார் வந்தாலும் அங்கதான் வெப்போம்."



"நான் அதைப் பாக்கத்தாம்மா வந்தேன்" என்றார் அந்த அம்மாள். "குழு முடிஞ்சு போச்சு. அடுத்தது மூணு வருஷம் கழிச்சுதான். அப்ப கண்டிப்பா எழுதுங்க."

"சரிங்க மேடம்."

வெல்டர் கையுறையைக் கழற்றாமல் நின்றிருந்தான். "அன்னைக்கு நானாவது வாயைத் திறந்திருக்கணும்."

"நீ முகமூடியைத் தூக்குனப்பவே, உள்ளதைச் சொல்லணும்னு எனக்குத் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்கா?"

"வாய் பழகிடுச்சுடா."

வாடகை மாதக் கடைசி வரைக்கும் கட்டியிருந்தது. அதற்கு மேல் கட்டப் பணமில்லை. அதற்குள் எட்டு நாற்காலிகளை முடித்தார்கள். ஐந்து பேர் வந்து அப்படியே எடுத்துப் போனார்கள். அதில் ஒருவர், வாசல் தாண்டியதும் திரும்பி, "பரவாயில்லம்மா" என்றார். அவருடைய நாற்காலியில் ஒரு சக்கரம் இல்லை.

கடைசியாக அந்தப் பெண்ணின் நாற்காலியை எடுத்தாள். புதுப் பைப் போட்டாள். பன்னிரண்டு வயதுக்கு ஓர் ஓட்டை. துளைக்கும் மெஷினை அணைக்கவில்லை. அரை அங்குலம் தள்ளி இன்னொன்று போட்டாள். பதிமூன்று. அதற்கடுத்து பதினான்கு. பிறகு பதினைந்து.

வெல்டர் ஸ்விட்சில் கை வைத்தான். "போதும்க்கா. இன்னும் போட்டா பைப் தாங்காது."

அவளுக்கும் தெரியும். பைப்பில் இன்னும் ஒரு சாண் வெறுமனே இருந்தது.

பெண்ணைத் தூக்கிக்கொண்டு தாய் வந்தாள். உட்காரவைத்ததும் பெண் தானே சக்கரத்தைத் தள்ளி வாசல் வரை போய்த் திரும்பினாள். சக்கரக்கா தாயைக் கீழே உட்காரச் சொல்லி, பின்னைக் கழற்றுவதையும், பைப்பை இழுத்து அடுத்த ஓட்டைக்கு நகர்த்துவதையும் காட்டினாள்.

"இதெல்லாம் எனக்கு எதுக்குக்கா?" என்று தாய் சிரித்தாள். "வருஷம் திரும்புனா இங்கதான கூட்டிட்டு வரப்போறேன்."

வெல்டர் வெளியே போய்விட்டான்.

"வா, வா" என்றாள் சக்கரக்கா. "இருந்தாலும் ஒரு தடவை நீயே செஞ்சு காட்டு."